புறநானூற்றுக்குப் பின்னால் ஒரு காப்பிக்கடை

எம்.ஏ. தமிழ் படித்தவர்களிடம் 'ஒப்பிலக்கியம்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும். பிரெஞ்சு அறிஞர் தந்த வரையறை, அமெரிக்க அறிஞர் தந்த வரையறை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள், தாக்கக் கொள்கையின் வகைகள், கம்பனும் மில்டனும் – சிறு குறிப்பு வரைக. தேர்வு முடிந்த மறுநாளே நோட்ஸ் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

அநியாயம்! இத்தனை கிசுகிசு நிறைந்த ஒரு படிப்பை இப்படியா வற்றலாகக் காயப்போடுவது? தெருக்கூத்தில் முன்னால் ஆடுவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, பின்கொட்டகையில் துரியோதனன் பீடி பிடிப்பதும் பாஞ்சாலி மீசை மழிப்பதும் தெரியாது. உலக இலக்கியத்தை ஒப்பிட்டுப் படிக்கும் படிப்புக்கும் அப்படி ஒரு பின்கொட்டகை உண்டு. அங்கே ஒரு சிறைச்சாலை இருக்கிறது. நாட்டை விட்டு ஓடிய பேராசிரியர், எழுத்தறியாத கசாப்புக்காரர், அலுமினியத் தட்டுகள், நூலகத்தின் நிலவறை, பிற்காலத்தில் போப்பாண்டவராகப்போகும் ஒரு பாதிரியார் எல்லாரும் இருக்கிறார்கள். வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு கிழவர். 1827 ஜனவரி 31, ஜெர்மனியின் வைமர் நகரம். எழுபத்தேழு வயதான மகாகவி கெதே, தன் நிழல்போல் உடனிருந்த எக்கர்மனிடம், ஒரு சீன நாவல் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். சீன நாவலா, விநோதமாக இருக்குமே என்று எக்கர்மன் வாயைப் பிளக்கிறார். அப்படியொன்றும் இல்லை, அவர்களும் நம்மைப் போலத்தான் நினைக்கிறார்கள், உணர்கிறார்கள் என்கிறார் கெதே. தேசிய இலக்கியம் என்று பேசுவதில் இனிப் பெரிய அர்த்தமில்லை, உலக இலக்கியத்தின் காலம் வந்துகொண்டிருக்கிறது என்று அவர் சொன்னதும் அந்தப் பேச்சில்தான். எக்கர்மன் எழுதிவைத்தார், பிழைத்துக்கொண்டோம். உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் வாத்தியார் முதலில் இந்த அறைக்குத்தான் கூட்டிப்போவார். அது எந்தச் சீன நாவல்? அதைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள்!

இந்தக் கிழவருக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய காதலும் இருந்தது. காளிதாசனின் சாகுந்தலம். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த வழி இருக்கிறதே! கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருத நாடகத்தை முதலில் சொல்லுக்குச் சொல் லத்தீனில் மாற்றிக்கொண்டார். பிறகு அந்த லத்தீனை ஆங்கிலமாக்கி 1789இல் அச்சிட்டார். அந்த ஆங்கிலத்தை கியோர்க் ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மனாக்கினார். மூன்று மொழிகளில் உடை மாற்றிக்கொண்டு வந்து நின்ற சகுந்தலையைப் பார்த்து கெதே சொக்கிப்போனார். அவருடைய 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் தொடக்கத்தில் நாடகக் குழுவின் முதலாளியும் கவிஞரும் விதூஷகனும் வாதாடும் காட்சிக்கு, சூத்திரதாரன் பேசும் சமஸ்கிருத நாடக முன்னுரையே தூண்டுதல் என்று பலர் சொல்வார்கள். மூலமொழியில் படிக்காதவன் வாய் திறக்கக் கூடாது என்று அதட்டும் பேராசிரியர் யாராவது உங்களுக்கு வாய்த்தால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஓடிவிடுங்கள்.

அடுத்து கல்கத்தா. தெற்கே 8பி பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். 1906இல் சுதேசிக் கொதிப்பில், வெள்ளையர் நடத்தும் கல்விக்கு மாற்றாக வங்கத்தில் தேசியக் கல்விக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். மறு வருஷம் அங்கே பேச தாகூரை அழைத்தார்கள். ஒப்பிலக்கியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மனிதர் அந்தப் பெயரை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு 'விஸ்வ சாகித்தியம்' என்று பெயர் சூட்டிப் பேசினார். தெருவில் அந்நியத் துணி எரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் மேடையில் உலக இலக்கியம்! என்ன துணிச்சல்! அந்தக் கழகத்தின் வழிவந்ததுதான் 1955இல் உருவான ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். அடுத்த வருஷமே, 1956இல், இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறை அங்கே பிறந்தது.

பிறப்பித்தவர் புத்ததேவ் போஸ். வங்கக் கவிஞர், 'கவிதா' இதழை நடத்தியவர். 1957இல் மேகதூதத்தையும் 1961இல் பிரெஞ்சுக் கவிஞர் பொதலேரையும் வங்காளத்தில் தந்தவர் இந்த ஒரே ஆள்தான். யட்சனின் மேகத்தையும் பாரீஸின் சாக்கடையையும் ஒரே பேனா தொட்டது. ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே சுதீந்திரநாத் தத்தா இருக்கிறார், இன்னொரு பெரும் கவிஞர். பக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஏசு சபைப் பாதிரியார் ராபர்ட் அந்த்வான். கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் அறிந்த இந்த மனிதர், ரோமானிய மகாகவி வர்ஜிலின் காவியத்தை வங்காளத்துக்குக் கொண்டுவந்தவர். பெல்ஜியத்துப் பாதிரியார் வங்காளத்தில் வர்ஜில் பேச, வங்கக் கவிஞர் பிரெஞ்சுக் கவிதை பேச, பிள்ளைகள் சோபோக்ளிஸையும் காளிதாசனையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக... இதைத் திருவிழா என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? பின்னாளில் அதே துறையில் ஆசிரியராக இருந்த மானவேந்திர பந்தோபாத்யாய் மார்க்கேஸையும் பஷீரையும் வங்காளிகளுக்குப் படிக்கக் கொடுத்தார். ஆமாம், நம் பக்கத்து வீட்டு வைக்கம் முகமது பஷீரேதான்.

இந்தப் பிள்ளைகளில் ஒரு பெண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நவநீதா தேவ் சென். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார்.

வகுப்பறைக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டுமே. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், இரண்டு புத்தகத்தைத் தராசில் வைத்து எது கனம் என்று பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைக்கிறார்கள். நம் பட்டிமன்றப் பழக்கம். கம்பனா வால்மீகியா, நடுவர் தீர்ப்பு சொல்லுங்கள் என்று காத்திருப்போம். இந்த வகுப்பில் தீர்ப்பே கிடையாது. ஒன்றைப் படித்த கண்ணோடு மற்றதைப் படித்தால், இத்தனை நாள் நமக்குப் பழக்கமாக இருந்தது திடீரென்று அந்நியமாகத் தெரியும். அந்தக் கிறுகிறுப்புக்காகத்தான் இவ்வளவு பாடும்.

பாடு என்றால் மொழிப்பாடு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்ய வருகிறவர், ஆங்கிலம் போக இரண்டு மூன்று மொழிகளில் படிக்கத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, பக்கத்தில் அகராதியையும் வைத்து, மொழிபெயர்த்துக்காட்டு என்பார்கள். வியர்த்துவிடும். ஆகவே இவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் சம்பளம் கேட்பதில்லை. உனக்கு எத்தனை மொழி என்றுதான் கேட்பார்கள். இந்த மொழிப் பெருமை கொஞ்சம் அலட்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் இவர்களுடைய மாநாட்டுப் பழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்க ஒப்பிலக்கியச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாகி, இரண்டு மூன்று நாளும் அதே அறையில் அதே முகங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். கட்டுரை வாசித்துவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கிற வித்தை அங்கே செல்லாது. நேற்று உளறியதற்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும்!

சரி, நாடு விட்டு ஓடிய பேராசிரியர் யார் என்கிறீர்களா? எரிக் அவுர்பாக். ஜெர்மானிய யூதர். நாஜிகள் 1935இல் மார்பர்க் பல்கலைக்கழக வேலையைப் பறித்தார்கள். அடுத்த வருஷம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்துகொண்டு, ஐரோப்பா பற்றி எரிந்த 1942க்கும் 1945க்கும் நடுவில், ஹோமரிலிருந்து வர்ஜீனியா உல்ஃப் வரை ஐரோப்பிய இலக்கியம் நிஜ வாழ்க்கையை எப்படிச் சித்திரித்தது என்று ஒரு புத்தகம் எழுதினார். 1946இல் சுவிட்சர்லாந்தில் 'மிமேசிஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. இந்தத் துறைக்கே அது வேதம். முதல் அத்தியாயம் ஒன்று போதும். மாறுவேடத்தில் வீடு திரும்பிய ஒடிசியஸின் காலைக் கழுவும் கிழத் தாதி, தழும்பை வைத்து அவனை அடையாளம் காணும் ஹோமர் காட்சி ஒரு பக்கம். மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போகும் ஆபிரகாமின் விவிலியக் காட்சி மறு பக்கம். முன்னதில் எல்லாமே வெளிச்சத்தில் இருக்கிறது. தழும்பு வந்த கதைகூட விலாவாரியாக. பின்னதில் மூன்று நாள் நடை, அப்பனும் மகனும் அநேகமாகப் பேசுவதே இல்லை, எல்லாம் இருட்டு. இரண்டே காட்சிகளை அருகருகே வைத்து, கதை சொல்வதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு என்று காட்டிவிட்டார்.

புத்தகத்தின் முடிவில் அவுர்பாக் மன்னிப்புக் கேட்பார். இஸ்தான்புல்லில் நல்ல நூலகம் இல்லை, ஆராய்ச்சி இதழ்கள் வரவில்லை. எல்லாம் கிடைத்திருந்தால் ஒருவேளை இந்தப் புத்தகத்தை எழுதியே இருக்க மாட்டேன் என்று. மாணவர்கள் உருகிப்போகும் இடம் இது. பின்கொட்டகையில் வேறு செய்தி! ஊரில் அவ்வளவு பஞ்சம் இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். கலாத்தா பகுதியில் டொமினிக்கன் துறவிகளின் மடத்தில் அருமையான பழைய நூல்கள் இருந்தன. அவற்றைப் பார்க்க அவுர்பாக்குக்கு வழிசெய்தவர் அப்போது போப்பின் தூதராக அங்கிருந்த ரோன்கல்லி. பின்னாளில் அவரே போப் இருபத்துமூன்றாம் ஜான். நூலகம் இல்லை என்று புலம்பிய மனிதருக்கு எப்பேர்ப்பட்ட நூலகச் சிபாரிசு!

இனிமேல்தான் எனக்குக் கைகால் நிற்காத பகுதி.

1960களின் முதற்பாதி. மூன்று பேர் மூன்று ஊர்களில் நம் பழைய பாட்டுகளின் பக்கம் திரும்புகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த ஏ.கே. ராமானுஜன், 1962இல் ஒரு சனிக்கிழமை, நூலகத்தின் நிலவறைக்குள் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடப் போகிறார். மைசூரில் வளர்ந்த தமிழர், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறவர், பழந்தமிழ் கற்றதில்லை. கையில் தட்டுப்படுகிறது உ.வே.சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அந்த நிலவறையிலிருந்துதான் 1967இல் அவருடைய ஆங்கிலக் குறுந்தொகை கிளம்பி உலகத்தின் பாடத்திட்டங்களுக்குள் நுழைந்தது. இரண்டாமவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில். கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் 'தினகரன்' ஆசிரியராக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போன க. கைலாசபதி. மூன்றாமவர் அமெரிக்காவின் இந்தியானாவில் முனைவர் பட்டம் முடித்த நம் நவநீதா.

ராமானுஜனை இந்த இடத்தில் விட்டுவிடுவோம். அவருக்குத் தனியாக ஒரு இதழ் வேண்டும். மற்ற இருவர் கையிலும் ஒரே சாவி இருந்தது. அந்தச் சாவியைச் செய்தவர் பெயரைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். பாரி! பறம்புமலைப் பாரி இல்லை, கலிபோர்னியாக்காரர் மில்மன் பாரி. பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர் நம் பாரி என்றால், பாணர்களைத் தேடிக் கார் எடுத்துக்கொண்டு போனவர் இந்தப் பாரி. தற்செயல்தான். ஆனாலும் பாருங்களேன்!

ஹோமரின் காவியத்தில் அக்கிலீஸ் என்றாலே விரைந்த காலுடையவன். ஓடும்போது சரி, கூடாரத்தில் கோபித்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போதும் அதே பட்டம்தான். இதற்கு நயம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அறிஞர்கள் களைத்துப்போயிருந்தார்கள். 1928இல் பாரீஸில் ஆய்வேடு கொடுத்த இளைஞர் பாரி சொன்னார்: நயமுமில்லை, ஒன்றுமில்லை, அடியில் மிச்சமிருக்கிற இடத்துக்கு அளவாகப் பொருந்துவதால் அந்த அடைமொழி வருகிறது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு கடவுளுக்கும், யாப்பில் இன்ன அளவு இடம் என்றால் இன்ன தொடர் என்று ஏற்பாடு இருக்கிறது. தனியொரு புலவன் உட்கார்ந்து யோசித்துச் செய்கிற காரியம் இல்லை இது. தலைமுறை தலைமுறையாகச் சபையில் நின்று, யோசிக்க நேரமில்லாமல், பாடிக்கொண்டே கட்டியவர்களின் கையிருப்பு.

நிரூபிப்பது எப்படி? ஹோமர் செத்து இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆயிற்று. அப்படிப் பாடுகிறவர்கள் எங்காவது உயிரோடு இருந்தால்? இருந்தார்கள், யூகோஸ்லாவியாவில். 1933இல் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு, 1934இல் பாரி மறுபடியும் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினார். கூடவே ஆல்பர்ட் லார்ட் என்ற இளைஞர். பாட்டுகளைப் பதிவு செய்ய அலுமினியத் தட்டுகள். ஒரு தட்டில் சில நிமிஷம்தான் பிடிக்கும். பாட்டோ மணிக்கணக்கில் போகும். அதனால் இரண்டு சுழல்மேடைகள் வைத்த கருவியைச் சொல்லிச் செய்து கொண்டுபோனார். ஒன்று நிரம்பியதும் மற்றது ஓடும். பாடுகிறவர் நிறுத்தவே வேண்டாம். மூவாயிரத்து ஐநூறுக்கும் அதிகமான தட்டுகளோடு திரும்பினார்கள்.

பாட்டு நடந்த இடம் காப்பிக்கடை! முஸ்லிம் ஊர்களில் ரமலான் மாதம் முழுக்க, நோன்பு திறந்த பிறகு, ஆண்கள் காப்பிக்கடையில் கூடுவார்கள். குஸ்லே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இழுத்துக்கொண்டு பாடகர் விடிய விடிய வீரர் கதை பாடுவார். நல்ல பாடகருக்கு முப்பது இரவுக்கும் கதை கைவசம் இருக்க வேண்டும். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டால் கதை சுருங்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் குதிரையின் சேணமும் மணப்பெண்ணின் பட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

இன்றைய மாண்டினீக்ரோவில் உள்ள பியெலோ பொல்யே ஊரில் பாரிக்குத் தன் ஹோமர் கிடைத்தார். அவ்தோ மெஜெதோவிச், கசாப்புக்காரர், எழுதப் படிக்கத் தெரியாது. 1935இல் அவர் சொல்லச் சொல்ல எழுதிய ஒரே பாட்டு பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு மேல். அநேகமாக ஒடிசி அளவு. அதோடு விட்டார்களா? பாரி ஒரு குறும்பு செய்தார். அவ்தோ கேட்டேயிராத ஒரு பாட்டை முமின் என்ற பாடகரைப் பாடச் சொல்லி, அவ்தோவைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பாட்டு 2,294 அடி. முடிந்ததும், நீங்கள் இதைப் பாட முடியுமா என்று கேட்டார். அவ்தோ முமினை மரியாதையாகப் பாராட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தார். 6,313 அடி! ஒரே ஒரு முறை கேட்ட கதை, வீரர்களின் மனசும் அலங்காரமும் சேர்ந்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மனப்பாடம் என்று நாம் நினைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த வருஷம் டிசம்பரிலேயே, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஓட்டல் அறையில், பெட்டியிலிருந்த துப்பாக்கி வெடித்து பாரி இறந்தார். வயது முப்பத்துமூன்று. தட்டுகள் ஹார்வர்டுக்குப் போயின. அமெரிக்காவுக்கு வந்திருந்த ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக், 1940களின் தொடக்கத்தில் அவற்றிலிருந்த பெண்களின் பாடல்களைக் கேட்டுக் கேட்டு இசைக்குறிப்பு எழுதினார். லார்ட் ஒப்பிலக்கியத் துறையில் ஆய்வேடு எழுதி, அதை வளர்த்து 1960இல் 'கதை பாடுவோன்' என்ற பொருள்படும் பெயரில் நூலாக்கினார். அந்த நூல்தான் சாவி.

இப்போது பர்மிங்காம். கைலாசபதியின் வழிகாட்டி ஜார்ஜ் தாம்சன், கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர். இவருக்கும் ஒரு பின்கொட்டகைக் கதை உண்டு. இளவயதில், 1923 முதல், அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் உள்ள பிளாஸ்கெட் தீவுக்குப் போய், மீனவர்களோடு பழகி ஐரிஷ் கற்றவர். அந்த மீனவர்களின் அன்றாடப் பேச்சிலேயே கவிதை புரள்வதைக் கேட்டபோதுதான் ஹோமர் தனக்குப் புரிந்தார் என்பது தாம்சனின் கட்சி. தீவின் இளைஞர் ஒருவரை உசுப்பிவிட்டுச் சுயசரிதையும் எழுத வைத்தார். ஐரிஷ் இலக்கியத்தில் அது இன்று செவ்வியல் நூல். மீனவர் பேச்சில் ஹோமரைக் கேட்ட ஆசான், பாரியும் லார்டும் செய்து வைத்த சாவி, பையில் புறநானூறு. கைலாசபதி வேறென்ன செய்வார்?

நாம் புறநானூற்றை ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த புத்தகமாகத்தான் பார்த்து வந்தோம். உரை, பாடபேதம், திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர். கைலாசபதி அதே பாட்டுகளைக் காதால் கேட்டார். முரசுக்கும் யானைக்கும் வேலுக்கும் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள், பாட்டுக்குப் பாட்டு ஒரே வாய்பாட்டில் வரும் தொடர்கள், பரிசில் கேட்கும் காட்சி, ஆற்றுப்படுத்தும் காட்சி. அப்புறம் பாணர், பொருநர், விறலியர், அகவுநர் என்று யாழும் கிணையுமாகத் திரிந்த கூட்டம். கூறியது கூறலா? இல்லவே இல்லை, பாடிக்கொண்டே கட்டியவர்களின் கையிருப்பு! 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக அவருடைய தமிழ் வீரயுகக் கவிதை ஆய்வு ஆங்கிலத்தில் வந்தது. மறு வருஷம் தமிழில் 'ஒப்பியல் இலக்கியம்'. அதற்கு முன்பே, 1966இல், வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தை இதே சாவியால் திறந்து பார்த்த நவநீதாவின் கட்டுரை அமெரிக்கக் கீழ்த்திசைச் சங்க இதழில் வந்துவிட்டது. பாரி அலுமினியத் தட்டில் பிடித்த சத்தம் முப்பத்துச் சொச்சம் வருஷத்துக்குள் புறநானூற்றிலும் ராமாயணத்திலும் எதிரொலித்துவிட்டது. நவநீதா ஜாதவ்பூருக்கே ஆசிரியராகத் திரும்பினார். ஆராய்ச்சியோடு, வங்காளிகள் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி பயணக் கதைகளும் எழுதினார். அந்த்வான் பாதிரியாரும் சும்மா இருக்கவில்லை. ராமாயணத்தின் பாணர்களைப் பற்றி 1975இல் ஒரு புத்தகமே போட்டார்.

சண்டை வராமல் இருக்குமா? வந்தது. சங்கப் பாட்டு சின்னப் பாட்டு, பாடியவர் பெயர் தெரிகிறது, நுணுக்கமோ பயங்கரம். காப்பிக்கடையில் கட்டும் ஆயிரக்கணக்கான அடிகளோடு இதை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்கள். ஜார்ஜ் ஹார்ட் போன்ற ஆய்வாளர்கள், பாணரின் பாட்டு மரபைப் புலவர்கள் கையிலெடுத்து எழுத்தில் செய்தவை இவை என்று நடுவழி கண்டார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் கைலாசபதியை மறுக்க வந்தவர்களும் அவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்டாக வேண்டியிருந்தது.

சிறைச்சாலையை மறந்துவிடவில்லை. வ.வே.சு. ஐயர். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்தபோது ராஜதுரோகக் குற்றம் சுமத்தி 1921இல் ஒன்பது மாதம் பெல்லாரி சிறையில் அடைத்தார்கள். அங்கே உட்கார்ந்து கம்பனை ஹோமரோடும் வர்ஜிலோடும் மில்டனோடும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆய்வு எழுதினார். அவுர்பாக் இஸ்தான்புல்லில் பேனா பிடிப்பதற்கு இருபது வருஷம் முன்னால்! 1925இல் ஐயர் பாபநாசம் அருவியில் போய்விட்டார். நூலை டெல்லித் தமிழ்ச் சங்கம் வெளியிட்டபோது 1950. கம்பனை உலகக் கவிகளின் வரிசையில் முதலிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேகம் அதில் தெரியும். அடிமைப்பட்ட நாட்டின் கைதிக்கு அது தேவைப்பட்டது. நமக்கு இன்னும் அதே வேகம் தேவையா என்பது வேறு கேள்வி.

இந்தத் துறைக்கு இன்னொரு வேடிக்கையான குணம். அடிக்கடி செத்துப்போகும். 1958இல் ரெனே வெல்லக் என்ற பெரியவர் நெருக்கடி என்று அறிவித்தார். அமெரிக்கச் சங்கம் பத்து வருஷத்துக்கு ஒரு முறை நாடி பிடித்து அறிக்கை போடும்; 1965இல் ஒன்று, 1975இல் ஒன்று. எண்பதுகளில் வரவேண்டியது குழுத் தலைவருக்கே பிடிக்காமல் வெளியே வரவில்லை! 2003இல் காயத்ரி ஸ்பிவாக் 'ஒரு துறையின் மரணம்' என்ற பொருளில் நூலே எழுதினார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தை நடத்திக்கொண்டே. ஃபிராங்கோ மொரெட்டி என்ற ஆய்வாளர், உலகத்தின் எல்லா நாவலையும் யாரும் படித்து முடிக்க முடியாது, தூரத்திலிருந்து எண்ணிப் பார்ப்போம் என்றார். எமிலி ஆப்டர் என்ற இன்னொரு ஆய்வாளர், மொழிபெயர்க்க முடியாததை மறைத்துவிட்டு உலக இலக்கியம் என்று கடை விரிக்காதே என்று 2013இல் சண்டைக்கு வந்தார். இவ்வளவு ஒப்பாரிக்குப் பிறகும் மாணவர்கள் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தமிழ்த் துறைகளுக்கு ஒரு விண்ணப்பம். வரையறைகளை எழுதச் சொல்லும் கேள்விகளைத் தூக்கிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு அண்டை மொழியை வையுங்கள்: மலையாளமோ தெலுங்கோ கன்னடமோ, ஈழத்தில் என்றால் சிங்களமோ. எழுத்துக்கூட்டி ஒரு சிறுகதை படிக்கிற அளவுக்கு வந்தால் போதும். மாணவர்களுக்கு: நோட்ஸ் வாங்கும் காசில் கைலாசபதியின் 'ஒப்பியல் இலக்கிய'த்தை வாங்குங்கள். மில்மன் பாரியின் பதிவுகளில் பலவற்றை ஹார்வர்டு எண்ணிம வடிவில் கேட்கக் கொடுத்திருக்கிறது. காப்பி குடித்துக்கொண்டே கேட்கலாம், கட்டணம் இல்லை.